மாதேஷ் ஏன் இத்தனை நாள் வாய் திறக்கவில்லை?

அன்புள்ள ஆசிரியருக்கு,

உங்கள் இளையோர் நாவலைப் படித்தேன். காவேரிப்பட்டணத்திலிருந்து மாங்கூழ் ஆலைக்குப் பெங்களூரா ரக மாங்காய் ஏற்றிச் செல்லும் குட்டியானை என்ற சிறு சரக்கு வண்டியை, உரிமம் இல்லாத 17 வயது மாதேஷ் ஓட்டிச் சென்று, சைக்கிளில் வந்த முதியவர்மீது மோதிவிட்டு நிற்காமல் போகிறான். இது மூன்றாம் அத்தியாயத்திலேயே தெரிந்துவிடுகிறது. பிறகு என்ன மர்மம்? காவல் நிலையப் படியோடு கதையும் முடிகிறது. தண்டனை இல்லாமல் மீட்சி ஏது?

ஆர்., பாலக்கோடு

அன்புள்ள ஆர்.,

முதல் வரைவில் குற்றவாளியைக் கடைசிவரை மறைத்தே வைத்திருந்தேன். மறைத்து வைத்தவனின் குற்ற உணர்ச்சியை எழுத முடியவில்லை. எழுதினால் நீங்கள் அவனைப் பிடித்துவிடுவீர்கள். ஆகவே யார் என்ற கேள்வியைக் கைவிட்டு, எப்போது சொல்வான் என்ற கேள்வியை எடுத்துக்கொண்டேன். பம்பர் இடுக்கில் சிக்கியிருந்த சைக்கிள் மணியின் மூடியை அவன் ஏரியில் எறியப் போய், எறியாமல் கால்சட்டைப் பையில் போட்டுக்கொண்டு திரும்புகிறானே, எனக்கு மர்மம் அங்கேதான் தொடங்குகிறது.

அவன் இழுத்தடிக்கிறான் என்று உங்களுக்குத் தோன்றியிருக்கலாம். 2019-இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 199ஏ பிரிவின்படி, 18 வயது நிரம்பாதவர் வண்டியோட்டிக் குற்றம் செய்தால், பாதுகாவலரோ உரிமையாளரோ குற்றவாளியாகக் கருதப்படுவார். அவருக்கு 3 ஆண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் உண்டு, வண்டியின் பதிவும் ஓராண்டுக்கு ரத்தாகும். தனக்குத் தெரியாமல் நடந்தது என்று தந்தை நிரூபித்துத் தப்பலாம்தான். ஆனால் ஆலை வாசலில் இரண்டு இரவு வரிசையில் கிடந்த அலுப்பில், சாவியை எடுத்து நீட்டியவரே அவர். பையன் உண்மையைச் சொன்னால் அவனை இளைஞர் நீதிக் குழுமத்தின் முன் நிறுத்துவார்கள். அப்பாவோ சிறைக்குப் போகக்கூடும், தவணை முடியாத வண்டியும் நின்றுபோகும். இவ்வளவும் தெரிந்த ஒரு பிள்ளை ஒரே இரவில் காவல் நிலையத்துக்கு ஓடியிருந்தால், நானே அவனை நம்பியிருக்க மாட்டேன்.

தண்டனையைப் பற்றிக் கேட்டீர்கள். விபத்து நடந்தால் ஓட்டுநர் அடிபட்டவருக்கு மருத்துவ உதவி கிடைக்கச் செய்யவேண்டும் என்று அதே சட்டத்தின் 134-ஆம் பிரிவு சொல்கிறது. விடியலில் பால் வண்டிக்காரர் தூக்கியபோது முதியவரின் உடம்பில் சூடு இருந்தது என்பதைத் தேநீர்க் கடைப் பேச்சில் மாதேஷ் கேட்கிறான். அதன்பின் அவன் சரியாக உண்பதில்லை, மாம்பால் பட்டுப் புண்ணான கைக்கு மருந்தும் போடுவதில்லை. தீர்ப்பு நாளை எழுதியிருந்தால் இதையெல்லாம் ஆண்டுக் கணக்காக மாற்றிக் கையில் கொடுத்ததாக ஆகியிருக்கும். தவிர, கடைசிப் பக்கத்தில் படியேறுவது இருவர். அப்பா அவனுக்கு முன்னால் செருப்பைக் கழற்றுகிறார்.

நீங்கள் கேட்காத ஒரு குறை எனக்குத் தெரியும். முதியவரின் மகள் கதையில் ஒன்றரைப் பக்கம்தான் வருகிறாள். அந்த மணி மூடியை அவன் முதலில் அவளிடம் அல்லவா கொடுத்திருக்கவேண்டும் என்று நீங்கள் எழுதியிருந்தால், என்னிடம் பதில் இருந்திருக்காது.