சின்னத் துளைதானே என்று விட்டுவிடலாமா?

கேள்வி: எனக்கு வயது 54. டர்பனில் சாட்ஸ்வர்த்தில் இருக்கிறேன். ஆடைத் தொழிற்சாலையில் முப்பது ஆண்டுகள் தையல் வேலை பார்த்தவள். முடக்குவாதத்தால் வலது முழங்கை இறுகிவிட்டது. முழுவதும் நீட்டவோ மடக்கவோ முடியவில்லை. சுண்டுவிரல் மரத்துப்போனதால் ஆறு ஆண்டுகளுக்கு முன் அதே முழங்கையில் நரம்பை இடம் மாற்றி வைத்தார்கள். இப்போது ஆர்த்ரோஸ்கோபி, அதாவது துளை வழியே மூட்டுக்குள் கேமராவும் கருவியும் செலுத்திச் செய்யும் அறுவை, செய்யலாம், சின்னத் துளைதான் என்கிறார் மருத்துவர். மருத்துவக் காப்பீடான மெடிக்கல் எய்டும் அனுமதி கொடுத்துவிட்டது. ஆனால் என் நாத்தனாருக்கு இதே அறுவைக்குப் பிறகு சில வாரங்கள் விரல்களில் உணர்வே இல்லை. நரம்பு அறுபட்டுவிடுமோ என்று அஞ்சுகிறேன்.

பதில்: அம்மா, நாத்தனாரின் அனுபவத்தைவிட, நரம்பை இடம் மாற்றியதாக நீங்கள் போகிற போக்கில் எழுதியிருக்கும் அந்த ஒரு வரிதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. சுண்டுவிரலுக்கு உணர்வு தரும் அந்த அல்நார் நரம்பு இயல்பாக முழங்கையின் உட்புற எலும்பு முனைக்குப் பின்னால் ஓடுவது. இடம் மாற்றும்போது பெரும்பாலும் அதை முன்பக்கம் கொண்டுவந்து வைப்பார்கள். ஆர்த்ரோஸ்கோபியில் உட்புறத் துளை போடுவதும் ஏறத்தாழ அங்கேதான். எனவே உங்களுக்குக் கண்ணால் பார்க்காமல் அந்தத் துளையைப் போடக் கூடாது; தோலைச் சற்றுத் திறந்து நரம்பைக் கண்டறிந்து ஒதுக்கிய பின்னரே கருவியைச் செலுத்த வேண்டும். பழைய அறுவையின் குறிப்பைத் தேடி எடுத்து மருத்துவரிடம் கொடுங்கள்.

முழங்கை நெருக்கமான இடம். 1931-இல் நியூயார்க்கைச் சேர்ந்த மைக்கேல் பர்மன் இம்மூட்டு ஆர்த்ரோஸ்கோபிக்கு ஏற்றதன்று என்றே எழுதினார். அடுத்த ஆண்டே கருத்தை மாற்றிக்கொண்டார். மூட்டுக்குள் உப்புநீரை ஏற்றி விரியச் செய்தால் நரம்புகள் எலும்பை விட்டு விலகும். ஆனால் உங்களுடையதைப் போல் இறுகிய மூட்டு அவ்வளவு நீரை ஏற்காது. அன்றியும், விலகுவது எலும்பிலிருந்துதானே தவிர மூட்டுறையிலிருந்து அல்ல. ஆகையால் இறுக்கத்தைத் தளர்த்த முன்பக்க உறையை வெட்டும்போது, அதை ஒட்டிச் செல்லும், விரல்களை நிமிர்த்த உதவும் ரேடியல் நரம்பின் கிளைக்கு அந்த நீரால் பாதுகாப்பு இல்லை.

அமெரிக்காவின் மேயோ கிளினிக் மருத்துவர்கள் 2001-இல் வெளியிட்ட ஆய்வில், 473 முழங்கை ஆர்த்ரோஸ்கோபிகளில் 10 பேருக்குத் தற்காலிக நரம்புச் செயலிழப்பு ஏற்பட்டது. நிரந்தரப் பாதிப்பு ஒருவருக்கும் இல்லை. இந்த எண்ணிக்கை ஆறுதல் தரும். ஆயினும் ஆபத்தைக் கூட்டியவை என்று அவ்வாய்வு சுட்டிய முடக்குவாதம், மூட்டிறுக்கம் இரண்டுமே உங்களுக்கு இருக்கின்றன. நரம்பு முழுவதுமாக அறுபட்ட நிகழ்வுகளும் வேறிடங்களில் பதிவாகியுள்ளன. ஆகவே, அறுவையே வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். இறுகிய முழங்கைகளை அடிக்கடி இம்முறையில் சரிசெய்து பழகிய கைகளிடம் போங்கள் என்பேன். அவர் திறந்த அறுவையே நல்லது என்றால் அதில் குறைவொன்றுமில்லை. மெடிக்கல் எய்டு அனுமதி கொடுத்துவிட்டதே என்பதற்காக அவசரப்பட வேண்டாம்.

கையை மட்டும் மரக்கச் செய்யும் ஊசி போடுவதானால், விரல் அசைவைச் சோதிப்பதற்கு முன் அதைப் போட வேண்டாமென்று கேட்டுக்கொள்ளுங்கள். இல்லையேல் மரத்தது மருந்தாலா காயத்தாலா என்பது தெரியாமற்போகும். மயக்கம் தெளிந்ததும் கட்டைவிரலை நிமிர்த்த முடிகிறதா, விரல்களை விரிக்க முடிகிறதா, சுண்டுவிரலில் உணர்வு இருக்கிறதா என்று மருத்துவர் பார்த்த பிறகே வீடு திரும்புங்கள். அசைவு அறவே இல்லாவிட்டால், போகப் போகச் சரியாகும் என்று காத்திருக்காமல் அன்றே கேளுங்கள். அறுபட்ட நரம்பைத் தைத்தாலும் அது நாளுக்கு ஏறத்தாழ 1 மில்லிமீட்டர்தான் வளரும், முழங்கையிலிருந்து சுண்டுவிரல் நுனிவரை சென்றடைய ஓராண்டுக்கு மேல் ஆகலாம்.