பேனல் வீடு பூகம்பத்துக்கு நிக்குமா? டெல்லிவாசிகளோட கேள்விகள்

கேள்வி: ஸ்டீல் பேனல் சுவர்ல 55 இஞ்ச் டிவி மாட்டலாமா? (ரோகிணி)

உள்ள ஸ்டட், அதாவது நெட்டுக்கு நிக்கற ஸ்டீல் சட்டம், எங்க இருக்குன்னு பாத்து அதுல மாட்டுங்க. வெறும் போர்டுல மாட்டினா டிவி தரையில.

கேள்வி: 7 மாடி, எல்லா சுவரும் லைட் கேஜ் ஸ்டீல் (மெல்லிசு தகட்ட மடிச்சு செஞ்ச சட்டம்) பேனல். "பூகம்பம் வந்தாலும் ஆடாது"ங்கறார் பில்டர். புக் பண்ணலாமா? (மயூர் விஹார்)

ஆடாத பில்டிங்னு ஒண்ணு கிடையாது சார், இந்த "எர்த்க்வேக் ப்ரூஃப்" ப்ரோஷர் பாத்தாலே எனக்கு பத்திக்கிட்டு வருது. வெயிட் கம்மியானா பூகம்பத்துல பில்டிங் மேல வர்ற விசையும் கம்மி, அது நிஜம், செங்கலுக்கு பதிலா பேனல்னா அந்த அளவுக்கு லாபம்தான். ஆனா அந்த பேனல் லோடு தாங்குதா, இல்ல கான்க்ரீட் ஃப்ரேமுக்கு நடுவுல சும்மா தடுப்பா நிக்குதா? தடுப்புன்னா உங்கள காப்பாத்தறது தூணும் பீமும்தான், கம்பி கட்டு ஐ.எஸ். 13920 (பூகம்பத்துக்கான இந்திய தரவிதி) படி இருக்கான்னு கேளுங்க. லோடு தாங்கறதுன்னா ஸ்க்ரூ எவ்ளோ இடைவெளியில, சுவரோட ரெண்டு முனையையும் கீழ பிடிச்சு வைக்கிற ஹோல்ட் டவுன் இருக்கான்னு கேளுங்க, ஏன்னா ஸ்க்ரூவும் அத சுத்தின போர்டும்தான் முதல்ல விட்டுக்குடுக்கும். 2016ல அமெரிக்காவோட சான் டியாகோல இந்த மாதிரி ஸ்டீல்ல 6 மாடி கட்டி, பூகம்பம் மாதிரி ஆட்டற ஷேக் டேபிள்ல ஆட்டினாங்க, நின்னுச்சு, அப்புறம் தீ வச்சுட்டு மறுபடி ஆட்டினப்ப நல்லா அடி வாங்கிச்சு. அங்க நின்னது டிசைன் பண்ணின முழு பில்டிங், ஒத்த பேனல் இல்ல. 2016 கோடுபடி பூகம்ப ஆபத்து மேப்ல டெல்லி ஜோன் 4, பெங்களூர் ஜோன் 2 (எண் ஏற ஏற ஆபத்து ஜாஸ்தி), டிசைன் எந்த ஜோனுக்குன்னு இன்ஜினியர் கையெழுத்தோட வாங்குங்க. பேனல் சர்டிஃபிகேட்ட பில்டரே ஃப்ரேம் போட்டு மாட்டிக்கட்டும்.

கேள்வி: பேனலுக்கும் சீலிங்குக்கும் நடுவுல கேப் விட்டு சீலன்ட் அடிச்சிருக்காங்க. ஏமாத்திட்டாங்களா? (துவாரகா)

இல்ல, தெரிஞ்சு செஞ்சிருக்காங்க. 2016 பூகம்ப கோடுபடி (கட்டட விதிப்படி) 3 மீட்டர் உயர மாடி 12 மில்லிமீட்டர் வரை பக்கவாட்டுல நகரலாம், அப்ப சுவர் மாட்டிக்கக் கூடாது. சிமென்ட் வச்சு அடைச்சுடாதீங்க.

கேள்வி: கீழ முழுக்க பார்க்கிங், மேல 4 மாடி. பேனல்ல இன்னொரு மாடி ஏத்த அட்வான்ஸ் குடுத்துட்டேன். லைட் வெயிட்தானே? (கரோல் பாக்)

குடுத்துட்டு கேக்கறீங்க. 2001 குஜராத் பூகம்பத்துல, மையத்துல இருந்து 200 கிலோமீட்டருக்கு மேல தள்ளி இருக்கற அகமதாபாத்லயே பார்க்கிங் வச்ச அடுக்குமாடிகள் விழுந்துச்சு. மேல லைட்டா இருந்தாலும் கீழ சுவர் இல்லாத தூணுங்கதானே சுமக்கணும். வேலைய நிறுத்துங்க, ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர கூப்பிடுங்க, அட்வான்ஸ் பத்தி அப்புறம் பேசலாம்.

கேள்வி: குடி வந்து ரெண்டு வருஷம், பேனல் அடியில துரு. "நீங்க தண்ணி ஊத்தி கழுவினதுதான்"னு பில்டர் கைய விரிச்சுட்டார். (முனிர்கா)

தரைய கழுவாம எப்படிம்மா குடித்தனம் பண்றது? என் பால்கனி கிரில்லும் "துருவே ஏறாது"ன்னு வித்ததுதான், இப்ப தொட்டா கை செவக்குது. ரெரால (ரியல் எஸ்டேட்ட கண்காணிக்கிற அரசு அமைப்பு) பதிவான ப்ராஜெக்ட்னா பொசஷன்ல இருந்து 5 வருஷத்துக்குள்ள காட்டுற குறைய பில்டர் 30 நாள்ல சொந்த செலவுல சரி பண்ணணும். தேதியோட போட்டோ எடுங்க, எழுத்துல புகார் அனுப்பி அக்னாலட்ஜ்மென்ட் வாங்குங்க. அசையலைன்னா ரெராவுக்குப் போங்க, வழி புரியலைன்னா தேசிய நுகர்வோர் ஹெல்ப்லைன் 1915க்கு போன் பண்ணுங்க. போன்ல பில்டர் "பாத்துக்கலாம்மா"ன்னா அதையும் எழுதித் தரச் சொல்லுங்க.