வாசகர் கேள்வி – பதில்: மருந்து வலையைத் துவைத்த நீர் எங்கே போகிறது?

கேள்வி: கடலூரில் சுற்றுச்சூழல் அறிவியல் முதுநிலை படிக்கிறேன். புதுச்சேரியில் உள்ள ஓர் ஆய்வகத்தில் இரண்டு மாதக் களப்பயிற்சிக்கு இடம் கிடைத்திருக்கிறது. "பூச்சிமருந்து ஏற்றிய கொசுவலையும் சுற்றுச்சூழலும்" என்று தலைப்புக் கொடுத்திருக்கிறார்கள். நான் படித்த கட்டுரைகளில் பாதி, இந்த வலை உயிர்களைக் காக்கிறது என்கின்றன. மீதிப் பாதி, இதன் மருந்து மீன்களைக் கொல்லும் என்கின்றன. எதை நம்புவது, இரண்டே மாதத்தில் எங்கிருந்து தொடங்குவது?
– மாணவி, கடலூர் முதுநகர்

பதில்: நீங்கள் படித்த இரண்டுமே உண்மைதான். அவற்றில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க முயலாமல், எந்த இடத்தில் ஒன்று முடிந்து மற்றொன்று தொடங்குகிறது என்று தேடுங்கள். என் கருத்தில் அந்த இடம் வீட்டுத் துவைகல். கட்டிலுக்கு மேல் தொங்கும்வரை அந்த வலையால் நீர்நிலைக்கு ஒரு கெடுதலும் இல்லை. வாளித் தண்ணீரில் அமிழ்த்தும் நாளிலும், கிழிந்தபின் தூக்கி எறியும் நாளிலும்தான் அதன் மருந்து வெளியே நடக்கத் தொடங்குகிறது.

முதலில் அதன் நன்மையைக் குறைத்து எழுதிவிடாதீர்கள். ஆப்பிரிக்காவில் 2000 முதல் 2015 வரை தடுப்பு முயற்சிகளால் 66 கோடிக்கும் மேற்பட்ட மலேரியா பாதிப்புகள் தவிர்க்கப்பட்டன என்றும், அதில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு மருந்து வலைகளின் பயன் என்றும் 2015இல் வெளிவந்த ஒரு பெரிய மதிப்பீடு கூறியது. இந்த வலைகளில் பெரும்பாலும் பயன்படுபவை பெர்மெத்ரின், டெல்டாமெத்ரின், ஆல்ஃபா சைபர்மெத்ரின் ஆகிய பைரித்ராய்டு மருந்துகள். செவ்வந்தி இனத்தைச் சேர்ந்த பைரித்ரம் பூவில் இயற்கையாக உள்ள நஞ்சைப் பின்பற்றி, வெயிலில் எளிதில் சிதையாதபடி 1970களில் ஆய்வகத்தில் உருவாக்கப்பட்டவை இவை. பூச்சியின் நரம்பில் சோடியம் நுழையும் வாயிலை மூடவிடாமல் திறந்தே வைத்துவிடுவதால் பூச்சி துடித்துச் சாகிறது. மனித உடல் இந்த மருந்தை விரைவாகச் சிதைத்து வெளியேற்றிவிடும். மீனுக்கு அந்த ஆற்றல் மிகக் குறைவு. இறாலும் நண்டுமோ பூச்சிக்கு உறவான கணுக்காலிகள். கொசுவைக் கொல்வது அவற்றையும் கொல்லும். உப்பனாற்றிலும் பிச்சாவரத்துக் கால்வாய்களிலும் இறாலை நம்பிப் பிழைக்கும் குடும்பங்கள் உள்ள மாவட்டத்திலிருந்து செல்லும் உங்களுக்கு இதன் கனம் சொல்லாமலே விளங்கும்.

இனி ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். பாலியெஸ்டர் இழையின்மேல் டெல்டாமெத்ரின் பூசிய ஒரு வகை வலையில் சதுர மீட்டருக்கு 55 மில்லிகிராம் மருந்து இருக்கும். குடும்ப அளவு வலை 15 சதுர மீட்டர் என்று வைத்தால் மொத்தம் சுமார் 800 மில்லிகிராம். ஒரு துவைப்பில் நூற்றில் ஒரு பங்கு கழல்வதாக ஒரு பேச்சுக்கு எடுத்துக்கொண்டால் 8 மில்லிகிராம் வாளிக்குள் இறங்குகிறது. லிட்டருக்கு ஒரு மைக்ரோகிராமை ஒட்டிய அளவே பல மீன்களுக்குச் சாவு எல்லை. இறால் இனங்கள் பலவற்றுக்கு அதனினும் குறைவு. அந்த 8 மில்லிகிராமை இந்த ஒரு மைக்ரோகிராம் எல்லைக்குக் கொண்டுவர 8,000 லிட்டர் தண்ணீர் வேண்டும். ஊசுட்டேரி போன்ற பெரிய ஏரியில் ஒரு வலையைத் துவைத்த நீர் கலந்தால் தெரியவே தெரியாது. பத்து மீட்டர் நீளமும் பத்து மீட்டர் அகலமும் கொண்டு, கோடையில் ஒரு மீட்டர் ஆழத்துக்கு வற்றிய குட்டையிலோ ஒரு லட்சம் லிட்டர்தான் இருக்கும். அதன் கரையில் ஒரே நாளில் இருபது வலைகளைத் துவைத்தால் எல்லை தாண்டிவிடும். ஆகவே "இந்த வலை தீங்கானதா" என்ற கேள்விக்கு வலையை மட்டும் பார்த்து விடை சொல்ல முடியாது. எத்தனை வலை, எந்தக் குட்டை, எந்த மாதம் என்று கேட்டால்தான் விடை வரும்.

இந்தக் கணக்கு மிகையாகவும் இருக்கலாம். பைரித்ராய்டுகள் நீரில் கரைய மறுப்பவை. டெல்டாமெத்ரின் லிட்டருக்கு ஒரு மைக்ரோகிராமில் ஐந்தில் ஒரு பங்கு அளவே கரையும் என்பதால், எஞ்சியது சோப்பு நுரையிலும் அழுக்கிலும் தொற்றிக்கொண்டு போய் வண்டலில் படிந்துவிடும். நீந்தும் மீன் இதனால் தப்பலாம், வண்டலுக்குள் வாழும் புழுவும் நத்தையும் தப்புமா என்பது வேறு கேள்வி. எனவே தண்ணீரோடு வண்டலையும் மாதிரி எடுங்கள். மாதிரியைக் கண்ணாடிப் புட்டியில் எடுங்கள்; பிளாஸ்டிக்கின் சுவரில் மருந்து ஒட்டிக்கொள்வதால் அளவு குறைந்து காட்டும். மருந்து ஏற்றாத சாதாரண வலை ஒன்றையும் அதே சோப்பில் துவைத்து அந்த நீரையும் உடன் சோதிக்கத் தவறாதீர்கள். சலவை சோப்பே சிற்றுயிர்களைக் கொல்லக்கூடியது. அந்த ஒப்பீடு இல்லாவிட்டால் சோப்பு செய்த குற்றத்தை வலையின் தலையில் கட்டிவிடுவீர்கள்.

ஆய்வகத்தில் வலை துவைப்பதற்கென்று உலக சுகாதார நிறுவனம் வகுத்த முறை உண்டு: 25 சென்டிமீட்டர் சதுரத் துண்டை, லிட்டருக்கு 2 கிராம் சோப்புக் கரைத்த அரை லிட்டர் நீரில், 30 பாகை வெப்பத்தில், நிமிடத்துக்கு 155 அசைவாகப் பத்து நிமிடம் குலுக்கி, பின் இரண்டு முறை அலச வேண்டும். நீண்டகாலம் தாங்கும் வலை எனப்படுவது இத்தகைய இருபது துவைப்புகளையும், வீட்டில் மூன்று ஆண்டுப் பயன்பாட்டையும் தாங்க வேண்டும். ஆனால் அந்தக் குலுக்கும் கருவிக்கு நம் துவைகல் தெரியாது. சலவைச் சோடாவில் ஊறவைத்து, கல்லில் அடித்து, உச்சி வெயிலில் காயவைக்கும் வழக்கத்தில் மருந்து எவ்வளவு கழல்கிறது என்பதை நம் ஊர் வீட்டு முற்றத்தில்தான் அறிய முடியும். உங்கள் இரண்டு மாதத்துக்கு இதைவிடப் பொருத்தமான வேலை எனக்குத் தோன்றவில்லை. ஒரே தெருவில் முப்பது வீடுகள் போதும். எத்தனை மாதத்துக்கு ஒருமுறை துவைக்கிறார்கள், எந்தச் சோப்பு, எங்கே காயவைக்கிறார்கள், அழுக்குநீரை எங்கே ஊற்றுகிறார்கள் என்று வீட்டுப் பெண்களிடம் பொறுமையாகக் கேட்டு எழுதுங்கள். கேட்பதற்கு முன் எதற்காகக் கேட்கிறீர்கள் என்று சொல்லி அவர்களுடைய ஒப்புதலைப் பெறுங்கள்.

குட்டையில் பைரித்ராய்டு கிடைத்தவுடன் அது வலையிலிருந்து வந்தது என்று எழுதிவிட வேண்டாம். கத்தரிக்கும் பருத்திக்கும் இதே குடும்பத்து மருந்துகளைத் தெளிக்கிறார்கள். பண்ருட்டிப் பக்கம் முந்திரியைத் தாக்கும் தேயிலைக் கொசு என்ற சாறுறிஞ்சும் பூச்சிக்கு (பெயர்தான் கொசு) அதே குடும்பத்து லாம்ப்டா சைஹாலோத்ரின் பரிந்துரைக்கப்படுகிறது. மின்செருகியில் சூடாகி ஆவியாகும் கொசுவிரட்டித் திரவத்திலும் பைரித்ராய்டுதான் இருக்கிறது. ஆகையால் துவைக்கும் படித்துறைக்கு அருகிலும், அதிலிருந்து விலகி வயல்நீர் வந்து சேரும் பக்கத்திலும் தனித்தனியாக மாதிரி எடுத்து, எந்த மருந்து என்பதைப் பெயர் பிரித்துச் சோதிக்க வேண்டும். ஒன்றுமே கிடைக்காவிட்டால் அதையும் தயங்காமல் எழுதுங்கள். கருவி எந்த அளவுவரை கண்டறியும் என்பதைச் சேர்த்து எழுதினால், "கிடைக்கவில்லை" என்பதும் மதிப்புள்ள முடிவுதான்.

இன்னொன்றையும் அறிக்கையில் நீங்கள் எழுப்ப வேண்டும் என்பது என் விருப்பம். புதுச்சேரியை நெடுங்காலம் வாட்டியது யானைக்கால் நோய். அதைப் பரப்பும் கியூலெக்ஸ் கொசு சாக்கடையில் பெருகி இரவில் கடிப்பது. பல இடங்களில் அது பைரித்ராய்டுக்குப் பழகியும்விட்டது. டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் பகலில் கடிப்பதால் இரவு வலையால் அதைத் தடுக்க முடியாது. 1975இல் புதுச்சேரியில் தொடங்கப்பட்ட கொசு ஆராய்ச்சி மையம், 1981 முதல் 1985 வரை நடத்திய யானைக்கால் தடுப்புத் திட்டத்தில், கொசு உற்பத்தியாகும் சாக்கடைகளையும் பள்ளங்களையும் சீர்செய்வதற்கே முதலிடம் தந்தது. மலேரியா மிகுந்த மலைக்கிராமத்தில் மருந்து வலை இன்றியமையாதது. மலேரியா அரிதாகிவிட்ட நம் கடலோரத் தெருவில், கிழிசல் இல்லாத சாதாரண வலையே இரவுக் கொசுவைப் பெரும்பாலும் தடுத்துவிடும் என்பதுதான் என் கருத்து. அப்படியானால் இங்கு எந்த வீட்டுக்கு மருந்து வலை தேவை, எந்த வீட்டுக்குத் தேவையில்லை என்று கேட்பதும் சுற்றுச்சூழல் ஆய்வின் பகுதியே.

கேள்வி: என் மகள் இதே போன்ற களப்பயிற்சிக்குப் போகிறாள். நாள் முழுவதும் மருந்து வலைகளைக் கையாள வேண்டும் என்கிறாள். உடலுக்குக் கெடுதல் வராதா?
– ஒரு தந்தை, வில்லியனூர்

பதில்: ஆயத்த வலையைத் தொடுவதால் பெரிய ஆபத்து இல்லை. சிலருக்குக் கையிலும் முகத்திலும் குறுகுறுப்போ எரிச்சலோ தோன்றி, ஒரு நாளைக்குள் அடங்கிவிடும். வலையைத் தொட்ட கையால் கண்ணைக் கசக்காமல் இருப்பதும், சாப்பிடும் முன் சோப்புப் போட்டுக் கழுவுவதும் போதுமானவை. ஆய்வகத்தில் தூய மருந்தையும் அதைப் பிரித்தெடுக்கும் கரைப்பான்களையும் கையாளும்போது நிலைமை வேறு. அங்கே கையுறை, கண்ணாடி, காற்றை வெளியேற்றும் கூண்டு ஆகியவை கட்டாயம். இவற்றைத் தருவார்களா, யார் மேற்பார்வையிடுவார்கள் என்று முதல் நாளே கேட்கச் சொல்லுங்கள். அப்படிக் கேட்பது மரியாதைக் குறைவு ஆகாது. வீட்டில் பூனை வளர்த்தால், ஆய்வகத்து உடையை அது படுக்கும் இடத்தில் போடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பெர்மெத்ரினைச் சிதைக்கும் ஆற்றல் பூனைக்கு மிகக் குறைவு.

கேள்வி: உறவினர் கொடுத்த மருந்து வலை பழையதாகிவிட்டது. வீட்டுக்காரர் அதைக் கருவாட்டின்மேல் ஈ மொய்க்காமல் மூடலாம் என்கிறார். பையன் கழிமுகத்தில் கூனி இறால் அரிக்கக் கேட்கிறான். கொடுக்கலாமா?
– வாசகி, பரங்கிப்பேட்டை

பதில்: இரண்டுக்கும் கொடுக்காதீர்கள். பழையதானாலும் இழையில் மருந்து எஞ்சியிருக்கும். உண்ணும் பொருளின்மேல் அது படக்கூடாது. கழிமுகத்தில் அரித்தால், மருந்து ஒருபுறம் இருக்க, கொசு நுழையாத அந்தச் சின்னக் கண்ணிகள் மீன்குஞ்சையும் இறால்குஞ்சையும் மிச்சம் வைக்காமல் வாரிக்கொண்டு வந்துவிடும். உலகின் வேறு பல கடலோரங்களிலும் ஏரிகளிலும் இதுவே பெரும் புகாராக இருக்கிறது. அந்த வலையைச் சன்னலுக்குத் திரையாகத் தைத்துக்கொள்ளலாம். அதற்கும் ஆகாத நிலையில், கிணற்றுக்கும் வாய்க்காலுக்கும் தொலைவில், மேட்டு நிலத்தில் ஆழக் குழிதோண்டிப் புதைத்துவிடுங்கள். அது வந்த பிளாஸ்டிக் பையையும் அடுப்பில் போட்டு எரிக்க வேண்டாம். கருவாட்டுக்குச் சாதாரண நைலான் வலை ஒன்று தனியாக வாங்கிக்கொள்ளுங்கள். இரண்டும் ஒரே நிறமாக இருந்தால், மருந்து வலையின் மூலையில் சிவப்பு நூலால் ஒரு தையல் போட்டு வைத்தால் வீட்டில் யாரும் மாற்றி எடுக்க மாட்டார்கள்.