இங்கிலாந்துல வீட்டுக்குப் பின்னாடி எக்ஸ்டென்ஷன் கட்ட பிளானிங் பர்மிஷன் வேணுமான்னு எப்படித் தெரிஞ்சுக்கிறது?

அதெல்லாம் தேவையில்லைன்னு உங்களுக்குச் சொன்னது பில்டர்தானே? எனக்கும் அவர்தான் சொன்னார். சொன்னதுல பாதி சரி, அதான் வம்பே.

பெர்மிட்டட் டெவலப்மென்ட்னு, கவுன்சில்ட்ட அப்ளை பண்ணாமலே சிலதைக் கட்டிக்க ஒரு சலுகை இருக்கு (ஸ்காட்லாந்து, வேல்ஸ்ல ரூல் வேற, அங்கேர்ந்து யாரும் சண்டைக்கு வராதீங்க). பின்பக்கம் தரைத்தளம் மட்டும் கட்டினா செமி (ஒரு பக்கம் மட்டும் அடுத்த வீட்டோட ஒட்டினது), டெரஸ் (வரிசையா ஒட்டினது) வீட்டுக்கு 3 மீட்டர், தனி வீட்டுக்கு 4 மீட்டர் வரை பர்மிஷன் இல்லாமலே போகலாம், உயரம் 4 மீட்டரைத் தாண்டக் கூடாது, இன்னும் சில கண்டிஷன் உண்டு. ஆனா அளக்கறது இப்ப இருக்கிற சுவர்லேர்ந்து இல்ல, ஒரிஜினல் பின்சுவர்லேர்ந்து, அதாவது 1948 ஜூலை 1 அன்னிக்கு இருந்த வீடு, அதுக்கப்புறம் கட்டினதுன்னா முதல்ல கட்டினப்ப இருந்த வீடு. பழைய ஓனர் ஏற்கெனவே பின்னாடி இழுத்துக் கட்டியிருந்தா அதுவும் உங்க கணக்குலதான் ஏறும். ஃபிளாட்னா இந்தச் சலுகையே கிடையாது.

என் வீடு 90கள்ல கட்டின எஸ்டேட்ல இருக்கு. பில்டர் டேப்பைப் பிடிச்சுப் பார்த்துட்டு "மூணுக்குள்ளதான்ணா வருது, சேஃப்"னு அட்வான்ஸ் பத்திப் பேச ஆரம்பிச்சுட்டார். நான் கவுன்சில் வெப்சைட்ல பிளானிங் ரிஜிஸ்டரைத் திறந்து தெருப் பேரைப் போட்டுத் தேடினேன், எஸ்டேட் மொத்தத்துக்கும் அப்ப கொடுத்த பர்மிஷன் லெட்டரே கிடைச்சுது, கோணலா ஸ்கேன் பண்ணி பாதி எழுத்து மங்கிப்போய். கடைசிப் பக்கத்துல ஒரு கண்டிஷன், கவுன்சில் அனுமதி இல்லாம இந்த வீடுகள்ல எந்த எக்ஸ்டென்ஷனும் கட்டக் கூடாதுன்னு. முடிஞ்சுது, அந்த 3 மீட்டர் கதையே எங்க தெருவுக்குக் கிடையாது. பில்டர்ட்ட காட்டினா "எதிர்வீட்ல கட்டியிருக்காங்களேண்ணா"ங்கறார். எதிர்வீட்டுக்காரர் விக்கும்போது அவர் பாடு. நான் முறையா அப்ளை பண்ணி வாங்கிட்டுத்தான் கடப்பாறையை எடுக்க விட்டேன்.

அதனால முதல்ல உங்க வீட்டோட பழைய பர்மிஷனைத் தேடிப் படிங்க, கன்சர்வேஷன் ஏரியாவா (பழமை மாறாம பாதுகாக்கற பகுதி), ஆர்ட்டிகிள் 4 (கவுன்சில் அந்த ஏரியாவுக்கு இந்தச் சலுகையை எடுத்துடற உத்தரவு) இருக்கான்னும் பாருங்க. எல்லாம் கிளியர்னா கூட லாஃபுல் டெவலப்மென்ட் சர்டிபிகேட், அதாவது இதுக்குப் பர்மிஷன் தேவையில்லைன்னு கவுன்சில் தர்ற பேப்பர், வாங்கி வச்சுக்கோங்க, ஃபீஸ் பிளானிங் அப்ளிகேஷன்ல பாதிதான். கட்டாயம் இல்லதான், தெரியும், ஆனா நாளைக்கு வீட்டை விக்கும்போது வாங்கறவங்க சொலிசிட்டர் கேக்கறது இந்தப் பேப்பரைத்தான். "பர்மிஷன் இல்லாம கட்டி நாலு வருஷம் ஓட்டிட்டா கவுன்சில் ஒண்ணும் பண்ண முடியாது"ன்னு இன்னும் சொல்லிட்டுத் திரியறவங்களுக்கு, 2024 ஏப்ரல் 25லேர்ந்து அது பத்து வருஷம் ஆயிடுச்சு, அதுக்கு முன்னாடியே கட்டி முடிச்சதுக்குத்தான் பழைய கணக்கு. பில்டிங் ரெகுலேஷன்ஸ் (கட்டுமானப் பாதுகாப்பு, தர விதிகள்), பார்ட்டி வால் நோட்டீஸ் (பொதுச்சுவர் விஷயமா பக்கத்து வீட்டுக்குக் கொடுக்கறது) ரெண்டும் தனி, பிளானிங் வேணாம்னா அதுவும் வேணாம்னு அர்த்தம் இல்ல.

பயந்தாங்கொள்ளின்னு சொல்றவங்க சொல்லிக்கோங்க, எங்க சொந்தக்காரங்களே சொல்லியாச்சு. இவ்வளவு பார்த்தும் இடிச்ச கல்லு மண்ணைப் போட வாசல் ரோட்டுல ஸ்கிப் (பெரிய இரும்புக் குப்பைத்தொட்டி) வைக்கத் தனியா ஒரு பர்மிட்டுன்னு ஒருத்தரும் வாயைத் திறக்கல, ஸ்கிப் கம்பெனிக்காரன் சத்தமில்லாம பில்லுல ஏத்திட்டான். கேள்விக்குச் சம்பந்தம் இல்லதான், ஆனா இன்னிக்கு வரைக்கும் எரியுது.