நட்டு வளர்த்த காடு: வாசகர் கேள்விகளும் பதில்களும்

(இந்தோனேசியாவில் வேளாண்காடு ஆய்வாளராகப் பல வருடங்கள் பணியாற்றியவர் இந்த இதழில் பதில் எழுதுகிறார்.)

இந்தோனேசியா என்றாலே காட்டை எரித்து எண்ணெய்ப்பனை நட்டார்கள் என்ற செய்திதான் வருகிறது. அங்கே விவசாயிகள் காட்டை உண்டாக்கிய கதை ஏதாவது உண்டா?
– க. செ., கம்பம்

உண்டு. அதைச் சொல்ல எனக்கும் ஆசைதான்.

சுமத்ராவின் தென்கோடியில், லாம்புங் மாகாணத்தின் மேற்குக் கரையில் க்ரூயி என்று ஓர் ஊர். ஒரு பக்கம் இந்தியப் பெருங்கடல், மறுபக்கம் புக்கிட் பாரிசான் மலைத்தொடர். கடலோரச் சாலையில் நின்று மலைச்சரிவைப் பார்த்தால் அடர்ந்த மழைக்காடு என்றுதான் தோன்றும். உள்ளே நடந்தால் பெரிய பெரிய மரங்களின் தண்டில், கீழிருந்து மேலே வரிசையாக முக்கோணக் குழிகள் தெரியும். அந்தப் பெரிய மரங்கள் எல்லாம் அந்த ஊர்க்காரர்களின் அப்பாவும் தாத்தாவும் நட்டவை.

மரத்தின் பெயர் டாமார். சால மரத்தின் இனம். அதன் பிசின், நம் ஊர் நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கும் குங்கிலியத்துக்கு ஒன்றுவிட்ட சொந்தம். வார்னிஷ், பெயின்ட், தூபம் என்று பலவற்றுக்கும் போகிறது. முன்பு காட்டில் தானாக வளர்ந்த மரங்களில் இருந்துதான் பிசின் எடுத்தார்கள். அவை குறையத் தொடங்கியதும், 19ஆம் நூற்றாண்டின் இறுதி வாக்கில் தாங்களே நட ஆரம்பித்தார்கள்.

நட்ட விதம்தான் அழகு. சரிவைத் திருத்தி முதலில் மலைநெல். ஓரிரு போகத்திலேயே காபிச் செடி வைத்துவிடுவார்கள். முள்முருங்கையில் மிளகுக்கொடி ஏறும். காபிக்கு ஊடே, அதன் நிழலில், டாமார் நாற்று. சில வருடத்தில் காபி ஓய்ந்துபோகும்போது டாமார் தலைக்கு மேலே வளர்ந்திருக்கும். டுரியான், டுக்கு, பெத்தாய் மரங்களும் கூடவே நிற்கும். டாமாரில் பிசின் எடுக்க 20, 25 வருடம் ஆகும். அதுவரை குடும்பத்துக்கு நெல்லும் காபியும் மிளகும் பழமும் சோறு போடும்.

இதில் இன்னொரு நுட்பம் உண்டு. இந்த இனத்து மரங்கள் பெரும்பாலும் வருடா வருடம் பூப்பதில்லை. பூத்துக் காய்த்தாலும் விதையைச் சேமிக்க முடியாது. கொஞ்ச நாளில் முளைப்புத்திறன் போய்விடும். பல நாடுகளின் வனத்துறைகள் இந்த இன மரங்களைத் தோட்டமாக வளர்க்கத் திணறியதற்கு இது ஒரு முக்கியக் காரணம். க்ரூயிக்காரர்கள் காய்த்த வருடத்தில் நாற்றுகளை எடுத்து, நிழலான ஓர் இடத்தில் நெருக்கமாக வைத்துவிடுவார்கள். வெளிச்சம் குறைவு என்பதால் நாற்று மெதுவாகத்தான் வளரும். வருடக்கணக்கில் அப்படியே இருக்கும். நிலம் தயாரானதும் பிடுங்கி நட வேண்டியதுதான். விதையைச் சேமிக்க முடியாத இடத்தில் நாற்றைச் சேமித்தார்கள்.

பிசின் எடுப்பதையும் சொல்லிவிடுகிறேன். நான் பார்த்த பெரியவர் பிரம்பு வளையம் ஒன்றைத் தன் இடுப்பையும் மரத்தையும் சுற்றிப் போட்டுக்கொண்டு, குழிகளின் விளிம்பிலேயே கால்விரலை ஊன்றி ஏறினார். பின்னால் சாய்ந்து நின்று ஒரு சின்னக் கோடாலியால் குழிக்குள் உறைந்திருந்த பிசினைத் தட்டினார். இளமஞ்சளாகக் கண்ணாடிச் சில்லுபோல உதிர்ந்து கூடையில் விழுந்தது. பிறகு குழியின் ஓரத்தை மெல்லிசாகச் சீவிவிட்டு அடுத்த குழிக்கு ஏறினார். அந்தச் சீவலில் இருந்துதான் அடுத்த முறைக்கான பிசின் வடியும். ஊரில் பெண்கள் அதைச் சலித்து, பெரிய தெளிந்த கட்டி தனி, பொடி தனி என்று தரம் பிரிப்பார்கள்.

சொத்து பெரும்பாலும் மூத்த மகனுக்குப் போகும். ஆனால் அவர் நினைத்தபடி விற்கவோ மரத்தை வெட்டவோ முடியாது. குடும்பம் முழுவதையும் தாங்குகிற பொறுப்போடுதான் அது அவர் கைக்கு வருகிறது. ஊர் வழக்கம் அப்படி.

விவசாயிகளுக்கே எல்லாம் தெரிந்திருந்தால் ஆராய்ச்சியாளர்களுக்கு அங்கே என்ன வேலை? (நான் வேளாண் கல்லூரி மாணவன்.)
– ர. மு., கோயம்புத்தூர்

தம்பி, படிக்கும்போதே இந்தக் கேள்வி வந்திருப்பது நல்லது.

அந்தத் தோட்டங்களில் பெரும்பகுதி அரசின் வரைபடத்தில் அரசுக் காடாக இருந்தது. செயற்கைக்கோள் படத்தில் பார்த்தாலும் காடுபோலவே தெரியும். 1990களின் தொடக்கத்தில் வன எல்லைகளை நிர்ணயித்தபோது அது உறுதியானது. அங்கே மரம் வெட்டும் உரிமை ஒரு நிறுவனத்திடம் இருந்தது. இன்னொரு பக்கம் எண்ணெய்ப்பனை நிறுவனங்களும் அந்தக் கரைக்கு வந்துகொண்டிருந்தன. தாத்தா நட்ட மரத்தில் பேரன் பிசின் எடுத்தால் சட்டப்படி அவன் அத்துமீறியவன். நட்டது நாங்கள்தான் என்று அவர்கள் வாயால் சொன்னால் அலுவலகத்தில் எடுபடவில்லை.

அப்போதுதான் ஆராய்ச்சிக்கு வேலை வந்தது. ஜெனிவீவ் மிஷோன், ஹியூபர் த ஃபொரஸ்தா என்ற இரண்டு பிரெஞ்சு ஆய்வாளர்கள் பல வருடமாக அந்தத் தோட்டங்களை மரம் மரமாக அளந்து, எது நட்டது, எது தானாக முளைத்தது, என்னென்ன பறவை விலங்குகள் வாழ்கின்றன, ஒரு குடும்பத்துக்கு எதிலிருந்து வருமானம் என்று எழுதி வைத்திருந்தார்கள். போகோரில் அலுவலகம் வைத்திருந்த சர்வதேச வேளாண்காடு ஆய்வு மையம் (இக்ராஃப்), இந்தோனேசியப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், லாத்தின், வாத்தாலா என்ற உள்நாட்டுத் தொண்டு நிறுவனங்கள் எல்லாம் ஊர்மக்களோடு சேர்ந்து நின்றார்கள். கிராமத்தார் தங்கள் எல்லைகளைத் தாங்களே வரைபடமாக்கினார்கள். அமைச்சக அதிகாரிகளை நேரில் கூட்டிவந்து தோட்டத்துக்குள் நடக்க வைத்தார்கள். என்னைக் கேட்டால் எல்லாவற்றிலும் அந்த நடைதான் முக்கியம். எத்தனை பக்க அறிக்கையும் அந்த முக்கோணக் குழிகளுக்கு ஈடாகாது.

1997இல் க்ரூயி மக்களுக்கு நாட்டின் சுற்றுச்சூழல் விருதான கல்பத்தாரு கிடைத்தது. 1998 ஜனவரியில் வனத்துறை அமைச்சர் ஜமாலுதீன் சூரியோஹதிகுசுமோ, 29,000 ஹெக்டேரைச் சிறப்பு நோக்கப் பகுதியாக அறிவித்து ஆணையிட்டார். நிலம் அரசுடையதாகவே இருக்கும். ஆனால் நிர்வகிப்பதும் அறுவடை செய்வதும் ஊரின் உரிமை, அதற்குக் கால வரம்பு கிடையாது. அதே வருடம் மே மாதம் அதிபர் சுகார்த்தோ பதவி விலகினார். அதாவது, அவருடைய ஆட்சி நடந்துகொண்டிருந்தபோதே வாங்கிய ஆணை இது.

அதே லாம்புங்கில் சும்பர்ஜாயா என்ற காபிப் பகுதியையும் பார்க்க வேண்டும். மேலே காபி பயிரிட்டால் மண் அரித்துக் கீழே அணையில் சேரும் என்று சொல்லி, 1990களின் முதல் பாதியில் பாதுகாப்புக் காட்டில் குடியிருந்த ஆயிரக்கணக்கான குடும்பங்களை வெளியேற்றினார்கள். யானைகளைக் கொண்டுவந்து காபிச் செடிகளைப் பிடுங்கினார்கள். பிறகு வந்த ஆய்வுகளில் ஓடைகளில் மண் அளந்து பார்த்தபோது வேறு விஷயம் தெரிந்தது. நிழல் மரங்களோடு பல அடுக்காக வளர்ந்த காபித் தோட்டம் மண்ணை நன்றாகவே பிடித்து வைக்கிறது. வண்டலில் கணிசமான பங்கு பாதைகளிலிருந்தும், ஆற்றங்கரைச் சரிவிலிருந்தும், நிலச்சரிவிலிருந்தும் வந்தது. இந்தக் கணக்கு கையில் இருந்ததால்தான் சமூக வனவியல் உரிமம் (அரசுக் காட்டு நிலத்தை ஊர்மக்கள் பயன்படுத்த அனுமதி) கேட்டுப் போனவர்களால் வாதாட முடிந்தது. முதலில் 5 வருடச் சோதனை, பிறகு 35 வருட உரிமம் என்று வந்தது. நீர்மின் நிலையத்துக்குப் போகிற வண்டலைக் குறைத்தால் கிராமத்துக்குச் சிறு மின் உற்பத்திக் கருவி தருவதாக ஒப்பந்தம்கூடப் போட்டார்கள்.

ஆகவே தம்பி, புது விதை கண்டுபிடிப்பது ஆராய்ச்சிதான். விவசாயி சரியாகச் செய்துகொண்டிருப்பதை அளந்து, அதிகாரத்தில் இருப்பவருக்குப் புரிகிற எண்ணாக்கிக் கொடுப்பதும் அதே அளவுக்கு ஆராய்ச்சி. அந்த இரண்டாவது வேலைக்கு ஆள் குறைவு. படித்து முடித்ததும் அதைப் பற்றி யோசித்துப் பாருங்கள்.

ஆடுகளுக்குச் சவுண்டல் (சூபாபுல்) தழை அதிகம் போட்டால் முடி கொட்டுகிறது. இந்தோனேசியாவில் மாடுகளுக்கே அதைத்தான் போடுகிறார்களாமே?
– பெயர் வேண்டாம், காங்கேயம்

ஆமாம் அம்மா. கிழக்கே திமோர் தீவில், குப்பாங் பக்கத்தில் அமராசி என்ற வறண்ட பகுதி. 1930களிலேயே அங்கே ஒரு விதி வந்தது: காட்டை வெட்டிச் சோளம் போடுபவர், நிலத்தை விட்டுப் போகுமுன் சரிவின் குறுக்கே வரிசையாகச் சவுண்டல் நட்டுவிட்டுத்தான் போக வேண்டும். ஒரு தலைமுறைக்குள் அந்த மேடெல்லாம் சவுண்டல் ஆனது. பாலி மாட்டைக் கட்டிப்போட்டு, தழையை வெட்டிக் கொண்டுவந்து போட்டுக் கொழுக்க வைத்து விற்பது அவர்களுடைய தொழில் ஆயிற்று. 1986இல் சைலிட் என்ற சிறு பூச்சி வந்து தளிரை உறிஞ்சித் தோப்புகளை மொட்டையாக்கியது. (1988இல் இந்தியாவுக்கும் வந்தது.) அந்தப் பூச்சியை ஓரளவு தாங்கும் தாரம்பா என்ற ரகத்தை இந்தோனேசிய, ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் பிற்பாடு சும்பாவா, திமோர் விவசாயிகளோடு சேர்ந்து பரப்பினார்கள்.

முடி கொட்டுவதற்குக் காரணம் தழையில் இருக்கும் மிமோசின் என்ற நஞ்சு. ஹவாயிலும் இந்தோனேசியாவிலும் கால்நடைகள் இதைத் தின்றும் நன்றாக இருப்பதை ஆஸ்திரேலியர் ரேமண்ட் ஜோன்ஸ் கவனித்தார். அவற்றின் இரைப்பையில் அந்த நஞ்சை முறிக்கும் நுண்ணுயிரி இருக்கிறது என்பது அப்படித்தான் தெரியவந்தது. அந்த நுண்ணுயிரிக்கு அவர் பெயரையே வைத்தார்கள். உங்கள் ஆடுகளுக்கு இப்போதைக்குத் தழையை நிறுத்துங்கள். முடி திரும்ப வளர்ந்த பிறகு மற்றத் தீவனத்தோடு கலந்து, மொத்தத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போகாமல் பழக்குங்கள். சினை ஆடு இருந்தால் கால்நடை மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.

புகையானுக்கு மருந்தடித்து அடித்து அலுத்துவிட்டது. இந்தோனேசியாவில் இதற்கு வழி கண்டார்கள் என்று ஒரு கூட்டத்தில் சொன்னார்கள். உண்மையா?
– சு. வே., மன்னார்குடி

உண்மை. 1984இல் அரிசியில் தன்னிறைவு என்று அறிவித்த நாடு, 1985–86இல் ஜாவாவில், நெல்லின் சாற்றை உறிஞ்சும் புகையான் பூச்சியிடம் மாட்டிக்கொண்டது. பூச்சிமருந்து விலையில் பெரும்பங்கை அரசே மானியமாகக் கொடுத்ததால் எல்லோரும் தாராளமாக அடித்தார்கள். மருந்து, புகையானைத் தின்னும் சிலந்திகளைக் கொன்றது. புகையானின் முட்டையோ இலையுறைக்குள் பத்திரமாக இருந்தது. பொரித்து வந்தபோது தின்ன ஆள் இல்லை. அடிக்க அடிக்கப் பெருகியதற்குக் காரணம் அதுதான்.

பிலிப்பைன்ஸில் உள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்திலும் இந்தோனேசியாவிலும் இதைக் கண்டறிந்தவர்கள் அரசிடம் போனார்கள். இடா ஞோமான் ஓகா என்ற இந்தோனேசியப் பூச்சியியலாளர் அவர்களில் முக்கியமானவர். 1986 நவம்பரில் அதிபரின் ஆணை எண் 3 வந்தது: 57 பூச்சிமருந்துகளை நெல்லில் பயன்படுத்தக் கூடாது. 1989க்குள் மானியமும் நின்றது. அதே வருடம் வயல்வெளிப் பள்ளிகள் ஆரம்பித்தன.

பள்ளி என்றால் கட்டடம் இல்லை. இருபத்தைந்து பேர் அளவில், வாரம் ஒருமுறை காலையில் வயலில் இறங்கிச் சில தூர்களைப் பிரித்துப் பார்ப்பார்கள். வரப்பில் உட்கார்ந்து பெரிய தாளில் பயிரையும் பூச்சியையும் வரைவார்கள். தீமை செய்வது ஒரு பக்கம், நன்மை செய்வது மறுபக்கம். இந்த வாரம் என்ன செய்யலாம் என்று பேசி முடிவெடுப்பார்கள். அப்புறம் பூச்சிப் பண்ணை. ஒரு பாத்திரத்தில் நெற்செடி, மேலே வலைத்துணி, உள்ளே சில புகையானும் ஒரு ஓநாய்ச் சிலந்தியும். அடுத்த நாள் வந்து எண்ணிப் பார்த்தவருக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. 1990களில் சுமார் 10 லட்சம் விவசாயிகள் இந்தப் பள்ளிகளில் உட்கார்ந்தார்கள்.

நீங்கள் இந்தப் பண்ணையை வீட்டுத் திண்ணையிலேயே செய்து பார்க்கலாம். ஒன்று மட்டும் சொல்கிறேன்: இடையிடையே பட்டம் (நடவு இல்லாத இடைவெளி) விட்டு நடுங்கள், தழைச்சத்தைக் குறையுங்கள், தண்ணீரை அவ்வப்போது வடியுங்கள். இவை இல்லாமல் சிலந்தி மட்டும் காப்பாற்றாது.

க்ரூயியில் இப்போதும் டாமார் காடு இருக்கிறதா?
– ந. ப., திண்டுக்கல்

(இவர் முன்பே கடிதம் போட்டிருந்தார். முதல் பதிலோடு சேர்த்துப் படிக்க வேண்டும் என்று இதை வைத்திருந்தேன்.)

இருக்கிறது. ஆனால் முன்புபோல் இல்லை. பிசின் விலை நிற்காத வருடங்களில் சிலர் மரத்தைப் பலகைக்கு விற்றார்கள். சில இடத்தில் எண்ணெய்ப்பனை வந்துவிட்டது. மகன் ஜகார்த்தாவுக்கோ பந்தார் லாம்புங்குக்கோ போய்விட்டால் மரம் ஏற ஆள் கிடைப்பதும் கஷ்டம். 1998 ஆணை வெட்ட வருபவரை நிறுத்தியது. விலையை அதனால் நிறுத்த முடியாது. வாங்கும் வியாபாரியிடம் தரம் பிரித்த பிசினுக்குக் கூடுதல் விலை, பழத்துக்குச் சந்தை, இளைய தலைமுறைக்கு ஏறுவதற்குப் பாதுகாப்பான கயிறு, இவற்றைப் பற்றிய ஆய்வுதான் அங்கே இப்போது வேண்டும் என்பது என் எண்ணம்.

இன்னொரு பக்கம், நாடு முழுவதும் சட்டம் நகர்ந்திருக்கிறது. 2009இல் ஜாம்பி மாகாணத்தின் லுபுக் பெரிங்கின் கிராமத்துக்கு 2,356 ஹெக்டேர் கிராம வனமாகக் கிடைத்தது. நாட்டில் அதுதான் முதல். 2013 மே மாதம் அரசியலமைப்பு நீதிமன்றம், வழக்காற்றுக் காடு (பரம்பரை வழக்கப்படி ஒரு சமூகத்துக்கு உரிய காடு) அரசுக் காடு ஆகாது என்று தீர்ப்பளித்தது. அடுத்து 1.27 கோடி ஹெக்டேரைச் சமூக வனவியலுக்குக் கொடுக்க இலக்கு வைத்தார்கள். க்ரூயி ஆணையை வரைந்த காலத்தில் இதில் ஒன்றும் கிடையாது. உங்களுக்குப் போக வாய்ப்பு இருந்தால் பந்தார் லாம்புங்கிலிருந்து மலைப்பாதையில் பேருந்து உண்டு. ஊரில் யாரையாவது கேட்டுக்கொண்டு தோட்டத்துக்குள் போங்கள். பிசின் தட்டுகிற நேரமாக இருந்தால் நின்று பாருங்கள்.