முதல் பத்தியில் நின்றுவிட்ட கதை

அன்புள்ள ஐயா,

மூன்று ஆண்டுகளாக ஒரே சிறுகதையின் முதல் பத்தியைத்தான் எழுதிக்கொண்டிருக்கிறேன். ஒரு பெண் ஒரு வீட்டு வாசலுக்கு வருகிறாள். ஒரு வடிவத்தில் கதவைத் தட்டுகிறாள். இன்னொன்றில் தன்னிடம் இருக்கும் சாவியால் திறக்கிறாள். எதுவும் திருப்தியாக இல்லை. நல்ல எழுத்தை வாசித்தே பழகியதால் என் வரிகள் எனக்கே கூச்சமாக இருக்கின்றன. சுமாராக எழுதுவதற்கு எழுதாமலே இருந்துவிடலாம் என்று தோன்றுகிறது. இரண்டு வடிவங்களையும் இணைத்திருக்கிறேன்.

க.

அன்புள்ள க.,

இரண்டையும் வாசித்தேன். இரண்டுமே நன்றாகத்தான் இருக்கின்றன. எது சரி என்று என்னால் சொல்ல முடியவில்லை, ஏனென்றால் அந்த வீட்டுக்குள் யார் இருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியாது. உங்களுக்கும் இன்னும் தெரியாது என்றே நினைக்கிறேன். அவள் தட்டுவாளா, திறப்பாளா என்பதைக் கதையின் முடிவுதான் தீர்மானிக்கும். அது எழுதப்படாதவரை இந்தப் பத்தியை எத்தனை முறை திருத்தினாலும் திருப்தி வராது. உங்கள் மொழியில் குறையில்லை, க. காலத்துக்கு முன்பே திருத்த உட்கார்ந்துவிடுகிறீர்கள்.

வரிக்கு வரி செதுக்கியவர்கள் இல்லையா என்று கேட்பீர்கள். பிரெஞ்சு நாவலாசிரியர் ஃப்ளோபேர் இருக்கிறார். 'மதாம் பொவாரி'யை 1851இல் தொடங்கி 1856இல்தான் முடித்தார். ஒரு பக்கத்தோடு நாள்கணக்கில் போராடியதைக் கடிதங்களில் புலம்பியிருக்கிறார். ஆனால் கதை எங்கே போய் முடியும் என்பதற்கு விரிவான திட்டக் குறிப்புகளை முதலிலேயே எழுதி வைத்திருந்தார். போகும் இடம் தெரிந்ததால் அவரால் மெல்ல நடக்க முடிந்தது.

ரஷ்ய நாவலாசிரியர் தஸ்தயேவ்ஸ்கியின் நிலைமை வேறு. 1866 நவம்பர் 1க்குள் ஒரு நாவலைத் தராவிட்டால், அடுத்த ஒன்பது ஆண்டுகள் அவர் எழுதுவதையெல்லாம் பதிப்பாளர் பணம் தராமலே வெளியிடலாம் என்று ஒப்பந்தம். அக்டோபரில் அன்னா என்ற சுருக்கெழுத்தாளரை வரவழைத்து, 26 நாட்களில் 'சூதாடி'யைச் சொல்லி முடித்தார். அவசரம் நல்லது என்பதற்காக இதைச் சொல்லவில்லை. பகலில் அவர் சொல்வார், அன்னா வீட்டுக்குப் போய் அதை விரித்தெழுதிக் கொண்டுவருவார், அதன்பிறகே அவர் திருத்துவார். சொல்லும் நேரம் வேறு, திருத்தும் நேரம் வேறு. நீங்கள் எடுத்துக்கொள்ள வேண்டியது இந்த ஏற்பாட்டைத்தான்.

இப்போதைக்கு அவள் தட்டுகிறாள் என்றே வைத்துக்கொண்டு மேலே எழுதுங்கள். அல்லது நேராகக் கடைசிக் காட்சியை எழுதுங்கள். வர்ணனை வராத இடத்தில் 'இங்கே அந்த அறை' என்று மட்டும் குறித்துவிட்டுத் தாண்டிப் போங்கள். முந்தைய பக்கத்தைத் திறந்தால் கை சும்மா இருக்காது என்றால் தாளில் எழுதுங்கள், எழுதிய தாளைக் கவிழ்த்து வையுங்கள். முழுவதும் முடிந்த பிறகு ரசனை எவ்வளவு வேண்டுமானாலும் கறாராக இருக்கட்டும். உங்களுக்கு அது வாய்த்திருப்பது பெரிய விஷயம். அதை மழுக்கிக்கொள்ளச் சொல்ல எனக்கு மனம் வராது.

ஒன்றில் மட்டும் உங்களோடு உடன்பட மாட்டேன். 'சுமாராக எழுதுவதற்கு எழுதாமலே இருந்துவிடலாம்' என்கிறீர்கள். எழுதுவதும் வெளியிடுவதும் ஒன்றல்லவே. சுமாரான முதல் வடிவத்தை உங்களைத் தவிர யாரும் பார்க்கப்போவதில்லை. வெளியிடுவதா வேண்டாமா என்பதை முழுக் கதையும் கையில் இருக்கும்போது யோசித்துக்கொள்ளலாம். அப்போது இன்னொருவர் கண் தேவைப்பட்டால் எனக்கு அனுப்புங்கள். வாசித்துவிட்டு நிச்சயம் எழுதுகிறேன்.