நெஞ்சில் ஏறும் அமுக்குவான்: பேயா, நோயா?

கேள்வி: வயது 20. பொறியியல் கல்லூரி விடுதியில் தங்கிப் படிக்கிறேன். செமஸ்டர் தேர்வு நெருங்கியதிலிருந்து விடியற்காலையில் விழிப்பு வருகிறது. ஆனால் கை, கால் அசைவதில்லை. கத்தினால் சத்தம் வருவதில்லை. நெஞ்சின் மேல் யாரோ ஏறி உட்கார்ந்த மாதிரி மூச்சு முட்டுகிறது. கதவோரம் கறுப்பாக ஓர் உருவம் நிற்கிறது. ‘அமுக்குவான் பேய், தாயத்து கட்டு’ என்கிறார் பாட்டி. ‘ஹார்ட்டைப் பார்’ என்கிறான் ரூம்மேட். எனக்கு மனநோயோ என்று பயமாக இருக்கிறது. என்ன செய்வது?

பதில்: மனநோய் பயத்தை முதலில் விடுங்கள். நீங்கள் சொல்லும் அடையாளங்கள் ஸ்லீப் பராலிசிஸ், அதாவது தூக்க முடக்கத்துக்கு அப்படியே பொருந்துகின்றன. 2011இல் வெளியான ஒரு தொகுப்பாய்வின்படி, பொதுமக்களில் சுமார் 8 சதவீதம் பேர் வாழ்நாளில் ஒருமுறையாவது இதை அனுபவித்திருக்கிறார்கள். மாணவர்களில் 28 சதவீதம். ஹாஸ்டல் தூக்கத்தின் லட்சணம் தெரிந்தவர்களுக்கு இது வியப்பாக இருக்காது.

கனவு காணும் கட்டத்தில் மூளைத்தண்டு உடலின் தசைகளைத் தளர்த்திப் போட்டுவிடும். இல்லையென்றால் கனவில் ஓடும்போது கட்டிலை விட்டு எழுந்து ஓடுவோம். சில நேரம் நினைவு முந்திக்கொண்டு திரும்பிவிடும். தசைகள் விடுபடச் சில நொடிகளோ ஓரிரு நிமிடங்களோ பிந்தும். அந்த இடைவெளியில் கண் திறந்திருக்கும், கனவும் பாதி ஓடிக்கொண்டிருக்கும். கதவோர உருவம் அதன் மிச்சம்தான். மூச்சு நிற்காது, ஏனென்றால் மூச்சை இயக்கும் முக்கியத் தசையான உதரவிதானம் வழக்கம்போல இயங்குகிறது. மார்புக்கூட்டுத் தசைகள் தளர்ந்திருப்பதால் ஆழமாக இழுக்க முடிவதில்லை. நெஞ்சில் பாரம் என்று நீங்கள் உணர்வது அதைத்தான்.

உடலில் நடப்பது எல்லா ஊரிலும் ஒன்றே; வந்து உட்காருவது யார் என்பதுதான் ஊருக்கு ஊர் மாறுகிறது. கனடாவின் நியூஃபவுண்ட்லாந்தில் அது ஒரு கிழவி. எகிப்தில் பலர் ஜின் என்ற ஆவி என்பார்கள். இத்தாலியின் அப்ருட்சோ பகுதியில் ‘பன்டஃபேகே’ என்ற சூனியக்காரி அல்லது பூனை வடிவப் பேய். அவளைத் தடுக்க அறைவாசலில் துடைப்பம் வைப்பார்கள். தலைமாட்டில் இரும்போ விளக்குமாறோ வைக்கும் நம்மூர்ப் பாட்டிகளுக்கு இதை விளக்கவே வேண்டியதில்லை.

ஜப்பானில் இதற்கு ‘கனாஷிபாரி’ என்று பெயர். 1987இல் வெளியான ஓர் ஆய்வில் அங்கே பத்தில் நான்கு மாணவர்கள் இதை அனுபவித்ததாகச் சொன்னார்கள். பின்னர் கனடா மாணவர்களோடு ஒப்பிட்டபோது விகிதம் கிட்டத்தட்ட ஒன்றாகவே இருந்தது. ஆனால் கனடாவில் பாதிக்கும் மேற்பட்டவர்கள் ‘ஏதோ கனவு’ என்று விட்டுவிட்டார்கள். ஜப்பானில் அப்படி நினைத்தவர்கள் குறைவு. இன்னொன்று: 1992இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் ஆய்வகத்தில் ஆட்களைத் தூங்கவைத்து, நடுவே எழுப்பி, மறுபடி தூங்கச் சொல்லி, சிலருக்கு இந்த முடக்கத்தை வரவழைத்தே காட்டினார்கள். அலாரம் வைத்துக் கூப்பிட்டால் வருகிற பேய்!

டென்மார்க்கையும் எகிப்தையும் ஒப்பிட்ட 2013 ஆய்வு உங்களுக்கு முக்கியம். எகிப்தியர்களுக்கு இது அடிக்கடி வந்தது, நீண்ட நேரம் நீடித்தது, செத்துவிடுவோம் என்ற பயமும் அதிகம். நம்பிக்கை ஒன்றே காரணம் என்று நான் அடித்துச் சொல்லமாட்டேன். இரு நாடுகளின் வாழ்க்கையில் வேறு வித்தியாசங்களும் உண்டு. ஆனாலும் அந்த ஆய்வாளர்கள் சொல்வது எனக்குச் சரியாகவே படுகிறது: ‘இன்று வருமோ’ என்று பயந்து படுத்தால் தூக்கம் துண்டு துண்டாகும், துண்டான தூக்கத்தில் முடக்கம் எளிதாக வரும், வந்தால் பயம் இன்னும் ஏறும்.

ஆகவே தாயத்து விஷயத்தில் பாட்டியோடு சண்டை வேண்டாம். அது தைரியம் தந்தால் கட்டிக்கொள்ளுங்கள், தூக்கத்தைச் சரிசெய்வதை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். தேர்வுக் காலத்திலும் படுக்கும் நேரமும் எழும் நேரமும் தினமும் ஒன்றாக இருக்கட்டும். இரவெல்லாம் விழித்துவிட்டு மதியம் மூன்று மணி நேரம் தூங்கும் பழக்கம்தான் பெரிய எதிரி. மாலைக்கு மேல் காபி, எனர்ஜி டிரிங்க் வேண்டாம். மல்லாந்து படுக்கும்போது இது அதிகம் வருகிறது, ஒருக்களித்துப் படுங்கள்.

வந்தேவிட்டால் திமிறாதீர்கள், திமிறினால் பாரம் கூடியதாகத்தான் தோன்றும். கண்களை மூடி, ‘இது தானாக விட்டுவிடும்’ என்று மனதுக்குள் சொல்லி, மூச்சை அதன் போக்கில் விடுங்கள். அப்புறம் ஒரே ஒரு விரல் நுனியை அசைக்கப் பாருங்கள்.

நடக்கும்போதோ படியேறும்போதோ நெஞ்சு வலித்தால் அது வேறு கதை, அன்றே மருத்துவரைப் பாருங்கள். பகலில் அடக்க முடியாத தூக்கம், வாய்விட்டுச் சிரிக்கும்போது முழங்கால் துவளுதல், மூச்சுத் திணறலோடு குறட்டை, நன்றாக விழித்திருக்கும்போதும் உருவமோ குரலோ தெரிதல், இவற்றில் எது இருந்தாலும் நரம்பியல் அல்லது மனநல மருத்துவரிடம் போகவேண்டும். மனச்சோர்வுக்கு மாத்திரை எடுப்பவராக இருந்து அதைத் திடீரென நிறுத்தியிருந்தால் அதையும் மறைக்காமல் சொல்லுங்கள். இவை எதுவும் இல்லை, வாரத்துக்கு ஒருமுறைக்கு மேல் வந்து தூங்கவே பயமாக இருக்கிறது என்றாலும் போகலாம். இரண்டு வாரத்துக்குப் படுத்த நேரம், எழுந்த நேரம், முடக்கம் வந்த நாள் மூன்றையும் ஒரு நோட்டில் குறித்து எடுத்துப் போங்கள். மருத்துவர் முதலில் கேட்பது அதைத்தான்.